கையெழுத்திடுமுன் கணக்குப் பாருங்கள்!

தோழர்களே!

தோட்டத்துப் பிள்ளை படிக்கக் கூடாது என்று இன்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாறாக, "கடன் வாங்கியாவது படி" என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களுள் நல்லெண்ணம் கொண்டோரும் உண்டு; பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குவோரும் உண்டு. எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்திலேயே வண்ணத்தாள்களுடன் லயத்து வாசலில் வந்து நிற்கிறார்கள். "உங்கள் மகள் தாதியாவாள், மகன் டாக்டராவான், கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். தோட்ட ஆபீசில் பேனா பிடிக்கும் நம்மிடமே பாரங்கள் வருகின்றன. கணக்குக் கேளாமல் நிரப்பிக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. ஆகவே அந்தக் கணக்கை இப்போதாவது சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பி.டி.பி.டி.என். கடனையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுத் தாதிமைப் பட்டத்துக்கு ஒரு பெண் 60,000 வெள்ளி கடன் பெறுகிறாள் என்று வையுங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு வெள்ளி சேவைக் கட்டணம். 15 ஆண்டுத் தவணை. கட்டணம் மட்டும் 9,000 வெள்ளி. ஆகத் திருப்ப வேண்டியது 69,000 வெள்ளி. மாதம் 383 வெள்ளி.

அவள் 2,500 வெள்ளி சம்பளத்தில் வேலைக்கு அமர்கிறாள் என்று வைப்போம். சேமநிதிக்கு 275 வெள்ளியும் கடனுக்கு 383 வெள்ளியும் போனால் மிஞ்சுவது 1,842 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. அதைப் பெறும் தொழிலாளி சேமநிதி போக 1,513 வெள்ளி பெறுகிறான். நான்கு ஆண்டுப் படிப்புக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் வித்தியாசம் 329 வெள்ளி! பட்டணத்தில் ஓர் அறை வாடகைக்கு அது போதுமா? படித்த நான்கு ஆண்டும் சம்பளமின்றிக் கழிந்தனவே, அதை யார் கணக்கில் எழுதுவது?

அப்படியானால் படிக்க வேண்டாமா? அல்ல, அல்ல! மரம் சீவுபவனின் கூலி ரப்பர் விலையோடும் மழையோடும் ஏறி இறங்கும். தாதியின் சம்பளமோ அனுபவம் கூடக் கூட உயரும். கடனும் ஒரு நாள் தீரும். வேலை நிச்சயமானால் இது தாங்கக்கூடிய கடனே. வேலை இல்லையேல் நூறு வெள்ளித் தவணையும் கழுத்துக் கயிறுதான். கடன் பெரிதா சிறிதா என்பது இரண்டாம் கேள்வி. படிப்பின் முடிவில் வேலை உண்டா என்பதே முதற்கேள்வி.

இதற்குச் சான்று வேண்டுமா? டாக்டர்களைப் பாருங்கள். தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க மூன்று லட்சம் வெள்ளிக்கும் மேலாகிறது. அரசாங்கக் கடன் அதற்குப் போதாது. மிச்சத்துக்குத் தகப்பனின் சேமநிதியும் தாயின் தாலிக்கொடியும் போகின்றன. இப்படிப் படித்து வந்தவர்களை 2016 முதல் ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களுக்கு நிரந்தர வேலை இல்லை! 2021 ஜூலை 26-இல் அவர்கள் கறுப்புடை அணிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். அதன் பின்னரே நிரந்தர இடங்கள் கூடுதலாக அறிவிக்கப்பட்டன. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. சங்கத்தில் வளர்ந்த நமக்கு இது புதுப்பாடமா?

"கடன் வாங்கியவன் கட்டத்தானே வேண்டும்?" என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். கட்டட்டும்; நாமும் மறுக்கவில்லை. பின்னால் வரும் பிள்ளைக்கு அந்தப் பணமே கடனாகப் போகிறது. ஆனால் நாட்டுக்கு நோயாளியைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளை உருவாக்கும் செலவு மட்டும் ஏழையின் தலையில் என்றால், அது எந்த ஊர் நியாயம்?

ஆகவே பெற்றோர்களே, கையெழுத்திடுமுன் கேளுங்கள்: முழுச் செலவு எவ்வளவு? விடுதியும் சாப்பாடும் அதில் சேர்ந்தவையா? தாதியர் வாரியமோ மருத்துவ மன்றமோ அப்பட்டத்தை ஏற்கிறதா? சென்ற ஆண்டு படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை? ஆஸ்பத்திரியே படிக்க வைத்தால் எத்தனை ஆண்டு கட்டாய உழைப்பு? இவற்றை எழுத்தில் தராத கல்லூரிக்குப் பிள்ளையைத் தராதீர்கள். அதற்கு முன், எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அரசாங்கப் பயிற்சிக் கல்லூரி ஆகிய கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது மூன்று: சம்பளத்துக்குத் தக்க தவணை, வேலை கிடைக்காத காலத்துக்குத் தவணை நிறுத்தம், பொது ஆஸ்பத்திரியில் உழைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் ஒரு பங்கு தள்ளுபடி. இது பிச்சையல்ல, உழைப்புக்கு ஈடு.

கிராணிமார்களே! இனி நம் மேசைக்குப் பாரம் வந்தால், முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கணக்கெழுதுவோம். பிறகு பாரத்தை நிரப்புவோம்.