377 போயிடுச்சு... வேலை போனா யாரைக் கேட்கிறது?

"அதான் 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சே, இன்னும் என்னப்பா வேணும்?"

தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வகுப்பில் முதலில் விழுகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. சட்டம் மாறிவிட்டது, கதை முடிந்தது என்று நிஜமாகவே நம்புகிறார்கள். நம்பாதீர்கள் மக்களே!

2018 செப்டம்பர் 6-ல் வந்த நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு என்ன சொன்னது? வயது வந்த இருவர் தனிமையில் சம்மதத்தோடு இணைவது 377-ன் கீழ் குற்றமில்லை என்றது. அதாவது இனி போலீஸ் பிடிக்காது. முதலாளி வேலையை விட்டுத் துரத்தினால் என்ன செய்வது? அது அந்த வழக்கின் கேள்வியே இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஊர்க்காவல் படைக்காரர். தன் துணையோடு அவர் இருந்த வீடியோ வெளியே வந்துவிட்டது. அதையே காரணம் காட்டி 2019-ல் வேலையிலிருந்து எடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், நவ்தேஜ் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சந்தோஷம்தான். ஆனால் அவர் கோர்ட்டுக்குப் போக முடிந்ததே, அவருடைய முதலாளி அரசாங்கம் என்பதால்தான். அரசியல் சாசனத்தின் 14, 15(1), 16 எல்லாம் அரசைத்தான் கட்டிப்போடுகின்றன. அதே மனிதர் இங்கே மாட வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தால்? கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள். அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. 15(2) என்று ஒரு பகுதி. சாதி, மதம், பால் போன்ற காரணங்களைச் சொல்லி யாரையும் கடைக்குள் நுழைய விடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. இது தனியார் கடைக்கும் பொருந்தும். 'பால்' என்ற சொல்லுக்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்று நவ்தேஜ் வழக்கில் நீதிபதிகள் சந்திரசூட்டும் இந்து மல்ஹோத்ராவும் எழுதியிருக்கிறார்கள். ஆக, புடவை வாங்க வந்தால் அவரைத் தடுக்க முடியாது. அதே புடவையை மடித்து அடுக்குகிற வேலையிலிருந்து தூக்கலாம்!

பி.காம் முடித்து நாம் எங்கே போகிறோம்? டிஎன்பிஎஸ்சி பாஸாகிற நாலு பேரை விடுங்கள். மிச்சப்பேர் எல்லாம் ஆடிட்டர் ஆபீஸ், நகைக்கடை, ஃபைனான்ஸ், செய்யாறு சிப்காட், சென்னையில் பிபிஓ. எல்லாம் தனியார்.

தொழிற்சட்ட பேப்பரைத் தூங்காமல் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஞாபகம் இருக்கும். (தூங்கியவர்களுக்காக:) 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்கக்கூடாது, ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் எது நியாயமான காரணம்? "கஸ்டமர் ஒரு மாதிரி பேசறாங்க" என்பது காரணமா? சட்டத்தில் பதில் இல்லை. ஐந்தாவது மாதமே அனுப்பிவிட்டால் அந்தக் கேள்வியும் இல்லை.

"அவன் கடை, அவன் காசு, யாரை வைக்கணும்னு அவன் இஷ்டம்" என்று உடனே ஒரு குரல் வரும். அந்த இஷ்டத்தை நாம் எப்போதோ குறைத்துவிட்டோம். எச்ஐவி இருக்கிறது என்பதற்காக வேலை மறுப்பதையும் நீக்குவதையும் 2017-ல் வந்த எச்ஐவி சட்டம் தடுக்கிறது, தனியாரையும் சேர்த்து. அது அமலுக்கு வந்த தேதி 2018 செப்டம்பர் 10. நவ்தேஜ் தீர்ப்புக்குச் சரியாக நாலு நாள் கழித்து! 2019-ல் வந்த திருநர் சட்டமும் எந்த நிறுவனமும் வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியருக்கு, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு தரச் சொன்னது. அப்படியென்றால் முதலாளியின் உரிமை ஒன்றும் கர்ப்பக்கிரகம் இல்லை. சட்டம் உள்ளே போயிருக்கிறது. பாலீர்ப்பு மட்டும் வாசலிலேயே நிற்கிறது.

அடுத்த கேள்வி: "அதையெல்லாம் ஆபீஸில் ஏன் சொல்லணும்?" அடடா! மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் எதைத்தான் சொல்லாமல் விட்டீர்கள்? பெண் பார்க்கப் போனது, நிச்சயதார்த்த ஆல்பம், வீட்டுக்காரரோடு சண்டை. "உனக்கு எப்ப கல்யாணம்?" என்று தினமும் கேட்டுவிட்டு, பதில் சொல்லாதே என்றால் எப்படி?

கலாச்சாரம் பேசுகிறவர்களுக்கும் ஒன்று. தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிற அந்த ஓரிரு நிமிடத்துக்காகக் கோயிலுக்குள் இடிபடுகிற ஊர் இது. அதை வைத்து "நம்ம சாமியே..." என்று வாதம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. சாமி வேறு, சம்பளம் வேறு.

டெல்லிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சசி தரூர் 2017-ல் மக்களவையில் கொண்டுவந்த பாகுபாடு எதிர்ப்புத் தனிநபர் மசோதா விவாதத்துக்கே வராமல் காலாவதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் கதை வேறு. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவைத் தொடர்ந்து, இந்தச் சமூகத்தினரைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022-ல் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்தார்கள். ஜவுளிக்கடை ஊழியர்கள் நாளெல்லாம் கால்கடுக்க நிற்பதை 2010-ல் 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்துக் கண் கலங்கினோமே, அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் மேலே சொன்ன அதே 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சட்டசபை நுழைத்தது. ஒரே ஒரு பிரிவு. கடைகள் ஒன்றும் திவாலாகவில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு போடட்டும்: பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலை மறுப்பதோ, நீக்குவதோ, சம்பளத்தைக் குறைப்பதோ கூடாது, முதல் நாளிலிருந்தே. கூடவே எச்ஐவி சட்டத்தின் 34-ஆம் பிரிவையும் எட்டிப் பார்க்கட்டும். புகார் கொடுப்பவர் தன் பெயரை மறைத்து, புனைபெயரில் வழக்கு நடத்த அதில் வழி இருக்கிறது. அது இல்லாமல் பிரிவை மட்டும் போட்டால் இந்த ஊரில் ஒருத்தரும் புகார் கொடுக்கப் போவதில்லை. வேலை போனதைக் கேட்கப் போய், விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேலையைவிடப் பெரியது.