பை இல்லாத உடுப்பும் அரைக் கிலோ துப்பாக்கியும்

2014 ஜனவரியில் கான்பூரின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'நிர்பீக்', அச்சமற்றது என்று பொருள். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவிக்கு ஊடகங்கள் சூட்டிய 'நிர்பயா' என்ற பெயருக்கும் இதுதான் பொருள். ஏறத்தாழ அரைக் கிலோ எடை, ஆறு குண்டுகள், விலை 1,22,360 ரூபாய். கைப்பைக்குள் அடங்கும் என்றார்கள். நகைப்பெட்டி போன்ற மெரூன் நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நகை, அடுத்தது துப்பாக்கி. பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று அரசுக்குத் தெரியுமல்லவா!

சரி, வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது?

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உறையிலோ பையிலோ முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும்; அது நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். மறைமலைநகரில் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சுடிதார் பேண்ட்டை நாடாவோ எலாஸ்டிக்கோதான் பிடித்து நிற்கிறது. உறை மாட்ட பெல்ட் கிடையாது. டாப்பில் பை கிடையாது. புடவை என்றால் பாவாடை நாடா அரைக் கிலோ இரும்பைத் தாங்காது. பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலையும் சில்லறையும் அடங்கும், அவ்வளவுதான். கைப்பையில் வைத்தாலோ, நெரிசலான மின்ரயிலில் அந்தப் பையை முதலில் திறப்பது நம் கையாகத்தான் இருக்கும் என்று என்ன உறுதி?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. 1989இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 'லேடிஸ்மித்' என்ற பெயரில் பெண்களுக்கான துப்பாக்கிகளை விற்கத் தொடங்கியது. துப்பாக்கிக்கு ரகசிய அறை வைத்த கைப்பை, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை, உள்ளாடையில் மாட்டும் உறை எல்லாம் கடைக்கு வந்துவிட்டன. கூடவே அறிவுரையும் வருகிறது: தளர்வாக உடுத்து, மெல்லிய துணி வேண்டாம், குனியும்போது மேலாடை ஏறாமல் பார்த்துக்கொள். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? துப்பட்டாவைச் சரியாகப் போடு என்ற அதே குரல்தான். அன்று மார்பை மறை என்றது, இன்று துப்பாக்கியை மறை என்கிறது. குற்றம் செய்பவன் என்ன உடுத்த வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவன் யார் என்பதையும் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் ஒரே செய்திதான்: பாலியல் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் அதிகம் பதிவாவது கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை. இருட்டுச் சந்தில் நிற்கும் முகமறியாத ஒருவனுக்காகத் துப்பாக்கி வாங்கி, அதைத் தெரிந்தவன் இருக்கும் வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்கிறார்கள். பீரோ சாவி யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

அப்படியானால் பெண் திருப்பி அடிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக அடிக்கலாம். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தியைக் காட்டி மிரட்டியவனின் கத்தியையே பறித்துக் குத்தினாள் ஓர் இளம்பெண். அவன் இறந்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி அது தற்காப்பு என்று காவல்துறை அவளை விடுவித்தது. அந்த உரிமை எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அதைப் பயன்படுத்த நேர்கிற நிலைக்கு அவளைத் தள்ளிவிட்டு, ஆயுதத்தையும் நீயே காசு கொடுத்து வாங்கிக்கொள் என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அரசு செய்ய வேண்டியது என்ன என்பது ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை 2000 டிசம்பரில் நீக்கிய சென்னை உயர் நீதிமன்றம், வீட்டிலிருந்து ஏற்றிச்சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் வாகனத்தையும் நிபந்தனையாக்கியது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். நிறுவனப் பேருந்து ஜி.எஸ்.டி. சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டால், விடுதி வரை உள்ள இருட்டுக்கு யார் பொறுப்பு? உள்ளகக் குழுவில் இருப்பவர் பெயர்கூட ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரியாவிட்டால் அந்தக் குழு யாருக்காக?

1,22,360 ரூபாய் அவளுக்குப் பல மாதச் சம்பளம். அந்தப் பணத்தில் ஒரு தெருவுக்கு விளக்குப் போடலாம். ஆனால் விளக்குப் போட்டால் அது அரசின் பொறுப்பாகிவிடும். துப்பாக்கியை விற்றால் பொறுப்பு நம் இடுப்புக்கு வந்துவிடும்.

தையல்கார அக்காவிடம் சுடிதாருக்குப் பை வைக்கச் சொல்லிப் பாருங்கள். "எதுக்கும்மா, ஷேப் போயிடும்" என்பார். போகட்டும் அக்கா, வையுங்கள். ஒரு போன், ஒரு சாவி, திரும்பி வர பஸ் காசு, இவை போதும். வெறுங்கையை வீசிக்கொண்டு இரவில் நடந்து வீடு வந்து சேரும் தெருதான் நமக்கு வேண்டும்.