கம்பெனி கொடுக்கும் கார்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த வாக்கு மாட்டுக்குப் பொருந்தலாம். கம்பெனி கொடுக்கும் மோட்டாருக்குப் பொருந்தாது என்பதைச் சென்ற ஆண்டு நாம் நேரில் அறிந்துகொண்டோம். நேயர்களில் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்று எண்ணி, அந்த வரலாற்றை இம்மாதம் எழுதுகிறோம்.

2025ஆம் ஆண்டு பூஜை விடுமுறை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேக் கார்டன்ஸில் நாம் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வசிக்கும் தமிழ் இளைஞர் ஒருவர், ஒரு கட்டுக் காகிதத்துடன் நம் வீட்டுக்கு வந்தார். உத்தியோக உயர்வு கிடைத்திருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பணமாகப் பெறலாம். அல்லது அதே தொகைக்குக் கம்பெனி ஒரு காரை வாடகை ஒப்பந்தத்தில் எடுத்துக் கொடுக்கும். பத்து நாளில் விடை சொல்லவேண்டும்.

"அண்ணா, அப்பா பணமாக வாங்கிக்கொள் என்கிறார். ஆபீசில் எல்லோரும் கார்தான் லாபம் என்கிறார்கள். நீங்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா நாம். நமக்கு வாய்த்த வாகனம் ரயில்வே பாஸ் ஒன்றே. ஆயினும் கூட்டலும் கழித்தலுமே நம் பிழைப்பாதலால், காகிதங்களை வாங்கிக்கொண்டோம்.

அவருடைய தந்தையார் ஒரு காலத்தில் இந்நகரத்து வியாபாரக் கம்பெனி ஒன்றில் சுருக்கெழுத்தராக இருந்தவர். அவர் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. கம்பெனி வண்டி என்றால் கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் பியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உண்டு. அம்பாசடர் பிறந்த உத்தரபாரா தொழிற்சாலைக்கென ஹௌரா மெயின் லைனில் ஹிந்த்மோட்டார் என்று ஒரு ஸ்டேஷனே இருக்கிறது. 2014 மே மாதத்தில் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. ஸ்டேஷனின் பெயர் நிற்கிறது. அன்று துரைக்கு வண்டி வந்தது. சுருக்கெழுத்தர் பைல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் அமர்ந்து போனார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இருவருக்குமே இல்லை. இன்று அந்தப் பொறுப்பு மகன் தலையில் வந்து விழுந்திருந்தது.

முதலில் வரியைப் பார்த்தோம். 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின்படி, கம்பெனி செலவில் ஓடும் காரை ஊழியர் அலுவலுக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால், உண்மைச் செலவு எவ்வளவாயினும், ஒரு குறித்த தொகையே அவர் வருமானத்தோடு கூட்டப்பட்டது. இயந்திரம் 1.6 லிட்டருக்கு மேற்படாவிடில் மாதம் 1,800 ரூபாய். மேற்பட்டால் 2,400 ரூபாய். டிரைவரும் இருந்தால் மேலும் 900 ரூபாய். 2009இல் வகுத்த இத்தொகைகளே அந்த இளைஞர் நம்மிடம் வந்தபோதும் நடப்பில் இருந்தன.

இதனால் விளையும் லாபம் உண்மையானதே. மாதம் 25,000 ரூபாயைப் பணமாக வாங்கினால், முப்பது சதவீதப் படியில் இருப்பவர் செஸ் உள்பட 31.2 சதவீதம், அதாவது 7,800 ரூபாய், வரியாகக் கட்டவேண்டும். அதே 25,000 ரூபாயைச் சிறிய இயந்திரமுள்ள காருக்கு வாடகையாக விட்டுவிட்டால், 1,800 ரூபாய்க்கு மட்டும் வரி. அது சுமார் 562 ரூபாய். மாதம் 7,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆபீஸ் நண்பர்கள் சொன்னது பொய்யன்று.

ஆனால் இந்த மிச்சம் யாருக்கு? எப்படியும் கார் வாங்கியே தீரவேண்டியவருக்கு. கார் தேவைப்படாதவர் பணமாகவே பெற்றால், வரி போக 17,200 ரூபாய் கையில் நிற்கும். 7,200 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக 17,200 ரூபாயை விடுபவர் கணக்கறிந்தவராகார். ஆகவே இளைஞரிடம் நாம் கேட்ட முதற்கேள்வி, "எந்த வண்டி?" என்பதன்று, "வண்டி வேண்டுமா?" என்பதே.

அவர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, "அம்மாவுக்கு முழங்கால் வாதம். வாரம் இரண்டு தடவை சிகிச்சைக்குப் போகவேண்டும். வாடகை டாக்சி இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லி வரவில்லை, அம்மா மழையில் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்" என்றார்.

வண்டி வேண்டும் என்பது அத்துடன் முடிவாயிற்று.

நிற்க. அவர் உள்ளம் நாடியது மகிந்திரா தார் என்னும் வண்டியை. அதன் பெட்ரோல் இயந்திரம் 1,997 சி.சி. "ஓட்டுவதற்கு அவ்வளவு இன்பம் அண்ணா. ஆனால் 1.6 லிட்டரைத் தாண்டுவதால் வரி அதிகமாம்; அதனால்தான் யோசிக்கிறேன்" என்றார். மாற்றாக அவர் குறித்திருந்தவை இரண்டு: 1,498 சி.சி. உள்ள ஹோண்டா சிட்டி, 1,199 சி.சி. பெட்ரோல் இயந்திரம் உள்ள டாட்டா நெக்ஸான். இந்தக் கம்பெனியார் எவரோடும் நமக்கு உறவுமில்லை, பகையுமில்லை.

அவர் அஞ்சிய வரியைக் கணக்கிட்டோம். 2,400க்கும் 1,800க்கும் வித்தியாசம் 600 ரூபாய். அதற்கு 31.2 சதவீதம் வரி மாதம் 187 ரூபாய். ஆண்டுக்கு 2,246 ரூபாய். அவ்வளவே.

பிறகு பெட்ரோலைக் கணக்கிட்டோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம். பெரிய வண்டி லிட்டருக்கு 12, சிறிய வண்டி 16 என்று வைத்துக்கொண்டோம். ஒன்றுக்கு 83 லிட்டருக்குச் சற்று மேல். மற்றொன்றுக்கு 62½ லிட்டர். வித்தியாசம் சுமார் 21 லிட்டர். லிட்டர் 105 ரூபாய் என்றால் மாதம் ஏறத்தாழ 2,190 ரூபாய். பெட்ரோல் செலவைக் கம்பெனி கொடுப்பதாகப் பெயரேயன்றி, அதுவும் அவர் சம்பளத் தொகையிலிருந்தே எடுக்கப்படுவது.

ஓராண்டு முழுவதற்கும் வரியில் உள்ள வித்தியாசமும், ஒரே ஒரு மாதப் பெட்ரோலில் உள்ள வித்தியாசமும் ஏறக்குறையச் சமமாக இருப்பதைக் கண்டு இளைஞர் திகைத்துப்போனார். எல்லோரும் அஞ்சுவது சட்டத்தில் அச்சிட்ட வரியை. ஆளை மெலியச் செய்வதோ அச்சிடாத செலவு.

மற்றொரு வரியும் உண்டு. அது சம்பளச் சீட்டில் தெரியாது, விலையிலேயே மறைந்திருப்பது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். டீசலாயின் 1,500 சி.சி. வரை இச்சலுகை உண்டு. இவ்வளவுகளைத் தாண்டினால் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம். ஆகவே 1,498 சி.சி. வண்டி சம்பள வரிக்குச் சிறியது. விற்பனை வரிக்குப் பெரியது. ஒரே இயந்திரத்தை அரசாங்கம் இரண்டு முழக்கோல்களால் அளக்கிறது. 3,995 மில்லிமீட்டர் நீளமுள்ள நெக்ஸான் இரண்டிலும் சிறியதாகவே நிற்கிறது. வாடகைத் தவணை வண்டியின் விலையை ஒட்டி வருவதாதலால், இந்த வித்தியாசம் மாதந்தோறும் சம்பளத்தைத் தொடும்.

கணக்கு இவ்வளவில் முடிந்தது. ஆனால் கணக்கைக் கொண்டே காரைத் தேர்ந்தெடுப்பவன், ஜாதகத்தை மட்டும் பார்த்துப் பெண்ணைப் பாராமல் கல்யாணம் முடிப்பவனைப் போன்றவன். "வண்டிகளைக் கடையில் ஓட்டிப் பார்க்கவேண்டாம். நம் தெருவுக்கு வரவழையுங்கள். அம்மாவையும் ஏற்றிப் பாருங்கள்" என்றோம்.

அடுத்த ஞாயிறு காலை தார் வந்தது. வண்டியின் அழகில் குறையொன்றுமில்லை. தெருப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மையார் ஒரு காலைப் படியில் வைத்தார். மற்றொரு காலைத் தூக்க முடியாமல், மகன் முகத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "நீ ஓட்டிப் பார்த்துவிட்டு வா அப்பா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மாலையில் சிட்டி வந்தது. ஓட்டம் வெண்ணெய் போலிருந்தது. ஆனால் இருக்கை தாழ்வானது. உட்காருவது எளிது, எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மூலையில் ஒரு ரிக்ஷாவும் மீன்காரர் வண்டியும் எதிர்ப்பட்டபோது, நாலரை மீட்டர் நீளத்தைப் பின்னுக்கு எடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மறு ஞாயிறு வந்த நெக்ஸானின் இருக்கை அம்மையாரின் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. திரும்பி அமர்ந்து, கால்களை உள்ளே எடுத்துக்கொண்டார். நாமும் உடன் சென்றோம். பிரின்ஸ் அன்வர் ஷா சாலை வரை மருமகள் ஓட்டினார்; சந்து பொந்துகளில் கணவரைக் காட்டிலும் அவர் கை நிதானமானது என்பதை அன்று யாவரும் கண்டோம். பைபாஸ் சாலையை அடைந்ததும் இளைஞர் இடம் மாறிக்கொண்டார். விடியற்காலை, எதிரே வண்டிகள் அதிகமில்லை. 'மா' மேம்பாலத்தின் மீது ஏறியபோது அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு மலர்ந்தது. தார் கொடுத்திருக்கக்கூடிய சிரிப்பு அன்று அது. சற்றுச் சிறியதுதான். ஆயினும் பின் இருக்கையில் அவர் தாயாரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வண்டி முடிவாயிற்று. ஆனால் நம்மவர்க்கென்றே உரிய ஒரு சிக்கல் மிஞ்சியது. அவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் சென்னைக்கு மாற்றல் கேட்க எண்ணியிருந்தார். கம்பெனி நீட்டியதோ ஐந்தாண்டு ஒப்பந்தம். இடையில் வேலையை விட்டாலும் ஊர் மாறினாலும் மிச்சத் தவணையை யார் கட்டுவது என்ற ஷரத்து, எட்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: ஊழியரே கட்டவேண்டும். நாம் அதைச் சுட்டிக்காட்டிய பின், தவணை சற்றுக் கூடினாலும் சரியென்று மூன்றாண்டு ஒப்பந்தம் கேட்டுப் பெற்றார்.

வெளியூர் வாழும் நாம் இவற்றையும் நினைவில் வைக்கவேண்டும். மேற்கு வங்காளத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். ஆட்சேபணையின்மைச் சான்றும், அம்மாநிலத்துச் சாலை வரியும் உண்டு. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளின் ஊழியர்கள் தம் சொந்த வண்டிக்குப் பெறத்தக்க 'பி.எச்.' வரிசைப் பதிவை 2021இல் மத்திய அரசு ஏற்படுத்தியது. அது சொந்தப் பெயரில் பதியும் வண்டிக்கே; கம்பெனி பெயரில் உள்ளதற்கன்று.

கம்பெனி தன் சொந்தக் காரையே ஊழியருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. 1962 விதிகள், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் எஞ்சிய மதிப்பில் 20 சதவீதம் கழித்து விலையை நிர்ணயித்தன. பத்து லட்ச ரூபாய் வண்டி மூன்றாண்டு முடிவில் 5,12,000 ரூபாய் மதிப்புடையது; அதை இரண்டு லட்சத்துக்கு வாங்கினால், எஞ்சிய 3,12,000 ரூபாய் வருமானமாகக் கருதப்படும். மலிவென்று மகிழ்ந்தவர் மார்ச்சு மாதத்தில் வருந்துவர்.

2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் முதல் தேதியைத் தன் தொடக்கமாகக் குறித்தது. ஆகையால் இனிக் கையெழுத்திடுவோர், தொகைகளைத் தம் ஆபீஸ் கணக்குப் பிரிவில் கேட்டுப் பெற்று, மேற்கண்ட கணக்கில் இட்டு விடை காண்க. தொகை மாறினால் விடையும் மாறும், கேள்விகள் மாறா. வண்டி வேண்டுமா? யார் ஏறப்போகிறார்கள்? எந்தத் தெருவில் ஓடும்? எத்தனை ஆண்டு இவ்வூரில் இருப்போம்? இவற்றுக்குப் பிறகே சி.சி.யும் சதவீதமும்.

வண்டி வந்த நாளன்று தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, லேக் மார்க்கெட் வரை ஒரு சுற்றுப் போனார்கள். பெரியவர் முன் இருக்கையில் அமர்ந்தார். பழைய வழக்கம் போலும், இரு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார், பைல் கட்டு இருப்பதைப் போல. பணமாக வாங்கியிருக்கலாம் என்ற தம் கருத்தை அவர் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வாரம் இருமுறை, வண்டி புறப்படுவதற்குக் கால்மணி முன்பாகவே செருப்பணிந்து வாசலில் நிற்பவர் அவரே.

கம்பெனி வண்டியில் நேயர்கள் கண்ட லாப நஷ்டங்களை எழுதியனுப்பினால், இடமுள்ள அளவுக்கு இப்பகுதியில் வெளியிடுவோம்.