பழி உப்புக்காற்றுக்கு மட்டுமா?

ஆசிரியருக்கு,

கடலோர வீடுகளில் பால்கனியின் அடியில் காங்கிரீட் பெயர்ந்து விழுந்தால், “எல்லாம் உப்புக்காற்று சார்” என்று சொல்லிவிட்டுப் பூச்சு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் குடியிருப்பிலும் அதுதான் நடந்தது. விழுந்த சில்லைத் திருப்பிப் பார்த்தேன். கம்பியின் தடம் துருவோடு அப்படியே பதிந்திருந்தது; சில்லின் கனமோ விரல் நக அகலம்கூட இல்லை. கடற்காற்று நேரடியாகப் படும் காங்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. மூடல் வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கவர் பிளாக் வைக்காமல் சென்ட்ரிங் பலகைமேலேயே கம்பியைக் கிடத்தியவர்கள் காற்றைக் குறை சொல்லலாமா?

மொட்டைமாடித் தரை மாவாக உதிர்வது வேறு சங்கதி. காங்கிரீட் போட்டதும் மேலே மிதந்த தண்ணீர் வற்றும் முன்பே சிமென்ட்டைத் தூவித் தேய்த்திருப்பார்கள். அல்லது ஏழு நாளாவது தண்ணீர் கட்டியிருக்க மாட்டார்கள்.

பால்கனியில் கம்பி துருப்பிடித்த காரணத்தைச் சோதித்தே அறியலாம். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை குன்றாத காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். கம்பி வரை நிறமே வராவிட்டால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரம் போய்விட்டது என்று பொருள். உப்பின் அளவுக்குத் தனிச் சோதனை உண்டு. இவற்றைச் செய்து, துருவைச் சுரண்டிய பிறகே பூச வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

— ஒரு வாசகர், சென்னை