போட்டியும் உற்பத்தித் திறனும்

போட்டி மிகுந்தால் உற்பத்தித் திறன் வளரும் என்று பொருளியல் நூல்கள் கூறுகின்றன. தேர்வுத்தாளில் நாமும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் அந்த வளர்ச்சியை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்?

முதலில் அக்கூற்றுக்கு ஒரு சான்று காண்போம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இரும்புத்தாதுச் சுரங்கங்கள், பேரேரிப் பகுதியின் உருக்காலைகளுக்குத் தாது வழங்கி வந்தன. உள்நாட்டின் நடுவே அமைந்த அப்பகுதிக்கு அயல்நாட்டுத் தாதுவைக் கொண்டு செல்லும் செலவு மிகுதி. அச்செலவே சுரங்கங்களுக்குக் கோட்டை மதிலாக நின்றது. 1980களின் தொடக்கத்தில் உலகெங்கும் எஃகுத் தொழில் மந்தமுற்றபோது, பிரேசில் நாட்டார் சிகாகோ வரை மலிவாகத் தாது தர முன்வந்தனர். மதில் இடிந்தது. அதுவரை பல ஆண்டுகளாக அசையாதிருந்த உற்பத்தித் திறன், அப்பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ இருமடங்காயிற்று.

வேலைமுறையில் ஏற்பட்ட மாற்றமே இதற்கு முதற்காரணம் என்று பொருளியலறிஞர் ஜேம்ஸ் ஷ்மிட்ஸ் 2005இல் எடுத்துக்காட்டினார். முன்பு இயந்திரத்தை ஓட்டுபவர் சிறு பழுதைக்கூடத் தொடலாகாது என்பது தொழில் ஒப்பந்த விதி. பழுது பார்ப்பவர் வரும்வரை இயந்திரமும் ஆளும் வாளாவிருக்க வேண்டும். போட்டி வந்தபின் அத்தகைய விதிகள் தளர்த்தப்பட்டன.

இனி அளவுகோலுக்கு வருவோம். சுரங்கத்தில் ஒரு மணி உழைப்புக்கு எத்தனை டன் என்று அளந்தனர். ஆகவே உண்மை புலப்பட்டது. பணத்தால் அளந்தால் என்னவாகும்? மணிக்கு 100 மீட்டர் துணி நெய்யும் ஆலை ஒன்று, முற்றுரிமை பெற்று மீட்டர் 12 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். மணிக்கு 1,200 ரூபாய் கிடைக்கும். போட்டியால் விலை 10 ரூபாயாக இறங்கினால் 1,000 ரூபாய்தான் கிடைக்கும். தறி ஓர் இழைகூடக் குறைத்து நெய்யவில்லை; ஏட்டிலோ திறன் குறைந்துவிட்டது! விலை மாற்றத்தைக் கழித்துக் கணக்கிடாவிடில், கொள்ளை விலை வைப்பவன் திறமைசாலியாகவும் நியாய விலைக்கு விற்பவன் சோம்பேறியாகவும் தோன்றுவர்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. உழைப்பு மணிகளைக் குறைத்தாலும் இந்த விகிதம் உயரும். மின்னசோட்டாச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ரிசர்வ் சுரங்க நிறுவனம் 1986இல் நொடித்துப் போயிற்று. டன் கணக்கில் அத்தொழிலாளர் குடும்பங்களுக்கு இடமில்லை.

போட்டியே வேண்டா என்பதன்று என் கருத்து. மதிலுக்குள் உறங்கும் தொழிலைத் தட்டியெழுப்பப் போட்டி வேண்டும். ஆனால் அளந்த பொருள் எது, விலை மாற்றம் கழிக்கப்பட்டதா, வேலை இழந்தவர் என்ன ஆயினர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே புள்ளிவிவரத்தை ஏற்போம். பொருளியல் பயில்வோர்க்கு அதுவே அழகு.