பெரிய பின்னும் சின்ன ஓட்டையும்

எலெக்ட்ரிகல் கடையில் கன்வர்ஷன் பிளக் என்று கேட்டால் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துத் தருகிறார்கள். ஹீட்டரின் தடித்த மூன்று பின்கள் சுவரில் உள்ள சின்ன பிளக் பாயின்ட்டில் நுழையாது. இதை இடையில் செருகினால் வேலை முடிந்தது. நுழையக் கூடாது என்றுதான் பின்னின் பருமனையே மாற்றி வைத்தார்கள் என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

நம் வீடுகளில் இருப்பவை 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இரண்டு வகை. பழைய எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் 5, 15 என்றே சொல்வார்கள். 230 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள்: சின்னது 1,380 வாட் வரை தாங்கும், பெரியது 3,680 வாட். மிக்ஸியும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சின்னதில் நிம்மதியாக ஓடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறும் என்பதால், 6 ஆம்பியருக்குச் செய்த பாயின்ட்டில் 8.7 ஓடும்போது சூடு இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பிளக்கைச் சுற்றிப் பழுப்பேறுவதும், உருகிய பிளாஸ்டிக் வாடையும் இதனால்தான்.

‘அதான் எம்சிபி இருக்கிறதே, தானாக விழுந்துவிடாதா?’ என்பார்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். எம்சிபி என்ற தானியங்கிச் சுவிட்ச் காவல் காப்பது முதன்மையாகச் சுவருக்குள் ஓடும் வயரை. 10 ஆம்பியர் எம்சிபியின் கீழ் 6 ஆம்பியர் பாயின்ட் இருந்தால், 8.7 ஆம்பியர் ஓடுவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பாயின்ட் கருகும், எம்சிபி அசையாது. அப்படியே அடிக்கடி விழுந்தாலும் நாம் என்ன செய்கிறோம்? ‘பெரிய எம்சிபியாகப் போடுங்கண்ணே’ என்கிறோம். உள்ளே ஓடுவதோ அதே 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். இனி சூடாக வேண்டியது அதுதான்.

வீட்டுக்காரரைக் கேட்டால், குடியிருப்பவர் கண்டதையும் வாங்கி மாட்டுகிறார் என்பார். குடியிருப்பவரோ, சமையலறையில் 16 ஆம்பியர் பவர் பிளக் ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கு இவ்வளவு வாடகையா என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2011-இல் தொடங்கித் தமிழக அரசு விலையில்லாமல் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறிக்கு 6 ஆம்பியர் பாயின்ட் போதுமானதாக இருந்தது. ஏர் ஃபிரையரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் மனத்தில் வைத்து அப்போதைய வீடுகளுக்கு யாரும் வயர் இழுக்கவில்லை. ஆனால் குடியிருப்பவர் காலி செய்யும்போது ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போவார். வயர் சுவரிலேயே இருக்கும். ஆகவே சமையலறைக்கும் குளியலறைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில், எர்த்துடன், தனி 16 ஆம்பியர் லைன் இழுக்கும் செலவு வீட்டுக்காரருடையது என்பதே சரி. பெரிய கருவி வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வது குடியிருப்பவரின் கடமை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதற்கு மாற்று ஆகாது. அதன் மெல்லிய வயர் பெரும்பாலும் சுவரில் இருப்பதைவிடப் பலவீனமானது.

எலெக்ட்ரீஷியனையும் கேட்க வேண்டும். வயரைப் பார்க்காமல் பாயின்ட்டை மட்டும் 16-ஆக மாற்றித் தருவது கன்வர்ஷன் பிளக்கைவிட மோசமான ஏமாற்று. அது பார்வைக்குச் சரியாக இருப்பதால் அடுத்துக் குடிவருபவர் நம்பிவிடுவார். அதைச் செய்ய மறுப்பவரை ‘வேலை தெரியாதவர்’ என்று சொல்லி அனுப்பாமல் இருப்பது நம் பங்கு.

அடுக்குமாடிகளில் இது ஒரு வீட்டோடு நிற்காது. ஒருவர் வீட்டுச் சமையலறையில் பற்றும் நெருப்பின் புகை மாடிப்படி வழியாகத்தான் மேலே ஏறும். மற்றவர்கள் இறங்க வேண்டியதும் அதே படியில். நலச்சங்கக் கூட்டங்களில் தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட்டுக்கும் ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சம் இதற்கும் தரலாம்: உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, மீட்டர் போர்டிலிருந்து தொடங்கி, வீடு வீடாகப் பாயின்ட்டையும் வயரையும் எம்சிபியையும் பார்க்கச் சொல்லி, செலவைப் பகிர்ந்துகொள்வது. ஹீட்டர்கள் முழுநேரம் ஓடும் மார்கழிக்கு முன்பே அதை முடித்துவிடலாம்.