மொழிக்கு உதவாத தலைக்கணக்கு

இந்தியும் ஆங்கிலமும் தெரிந்தவர், அடுத்து எந்த இந்திய மொழியைப் படிக்கலாம் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் வருகிறது. 2011 கணக்குப்படி வங்காளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 9.72 கோடி, மராத்தி 8.30 கோடி, தெலுங்கு 8.11 கோடி, தமிழ் 6.90 கோடி. ஆகவே முதலில் வங்காளம், அது முடியாவிட்டால் மராத்தி என்று வரிசை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதிகம் பேர் பேசுகிற மொழிதான் அதிகம் பயன்படும் என்பது புள்ளிவிவர வேடம் போட்ட மூடநம்பிக்கை.

பேசுகிறவர்கள் நாடு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் இந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. 1956-இல் மாநிலங்களையே மொழிவாரியாகப் பிரித்த நாடு இது. வங்காளம் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலும் திரிபுராவிலும் அசாமின் பராக் பள்ளத்தாக்கிலும் இருக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் லக்னோகாரருக்கு அந்த ஒன்பது கோடியால் ஆகப்போவது என்ன? அவர் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கப் போனால், நம்மூர் அடங்கலைப் போன்ற 'பஹணி' கன்னடத்தில்தான் கைக்கு வரும். சர்வே எண், உடைமையாளர் பெயர், பயிர் விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். புனேவில் வாங்கினால் 'சாத்பாரா' மராத்தியில் இருக்கும். படிக்கத் தெரியாதவர் தரகரின் வாயை நம்ப வேண்டியதுதான். கன்னடம் பேசுகிறவர்கள் 4.37 கோடிதான், ஆனால் அந்த லக்னோகாரருக்கு இந்தியாவிலேயே மிகப் பெரிய மூன்றாம் மொழி அதுதான்.

தலைக்கணக்கிலேயே இன்னொரு கோளாறும் இருக்கிறது. இந்திக்குச் சொல்லப்படும் 52.83 கோடியில், போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்ன ஐந்து கோடிப் பேர் அடக்கம். ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி எல்லாம் அதற்குள்தான். மைதிலியும் முன்பு அப்படித்தான் இந்திக்குள் இருந்தது. 2003-இல் அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தபின் தனி மொழியாக எண்ணப்படுகிறது. எதை மொழி, எதை வட்டார வழக்கு என்று அலுவலகத்தில் வகைப்படுத்துகிறார்களோ அதைப் பொறுத்துப் பட்டியல் மாறுகிறது. பஸ்தரில் பணிக்குப் போகும் மருத்துவருக்குக் கோண்டி தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய உதவி! 'முதல் ஐந்து மொழிகள்' பட்டியலில் அதற்கு ஒருநாளும் இடம் கிடைக்காது.

இந்தியும் ஆங்கிலமும் இருந்தால் போதாதா என்பார்கள். இரண்டாம், மூன்றாம் மொழியாகத் தெரிந்தவர்களைச் சேர்த்தும், 2011-இல் இந்தி தெரிந்தவர்கள் ஏறத்தாழ 57 சதவீதம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே. இந்தி தெரியாதவர்கள் பெரும்பாலும் இந்தி மாநிலங்களுக்கு வெளியே இருப்பதால், மூன்றாவது மொழி தேவைப்படும் இடங்களில்தான் அந்த இரண்டும் கைகொடுக்காமல் போகின்றன. மாற்றலாகிப் போய்விட்டால் படித்தது வீண்தானே என்பது அடுத்த ஆட்சேபம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கன்னட எழுத்தும் தெலுங்கு எழுத்தும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஒன்றில் பழகியவருக்கு மற்றதில் பாதி வேலை முடிந்துவிடும். மராத்திக்கோ இந்தியின் தேவநாகரியே போதும். புழங்கிப் பழகிய மொழி அடுத்த மொழிக்கு வழிவிடும்; பட்டியலைப் பார்த்துப் படித்துப் பேச ஆளில்லாமல் விட்ட மொழி மறந்துதான் போகும். பெரிய மொழிகளுக்குத்தான் பாடநூல் கிடைக்கும் என்பதும் நிஜமே. ஆனால் அன்றாடம் பேசித் திருத்த ஆள் இருக்கும் இடத்தில் சுமாரான பாடநூலே போதும்.

தாகூரை மூலத்தில் படிக்க வேண்டும் என்று வங்காளம் கற்கிறவரோடு எனக்கு வழக்கில்லை. ஆசைக்கு அட்டவணை தேவையில்லை. பயன் கருதிக் கற்கிறவர்தான் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அடுத்த பத்து ஆண்டுகள் எந்த ஊரில் இருக்கப்போகிறோம், அங்கே யாரிடம் வேலை வாங்கப்போகிறோம், யாருக்குப் பதில் சொல்லப்போகிறோம், எந்த எழுத்தில் உள்ள காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் மொழி தானே தெரிந்துவிடும். அதை எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்பது அதன்பிறகு தேவைப்படாத தகவல்.